கோல்ஃப்ல 97க்கும் 104க்கும் நடுவுலயே ஒரு வருஷம் ஓடிப்போச்சு, புது ட்ரைவர் (முதல் அடிக்கு எடுக்கற நீளமான கிளப்) வாங்கவா வேண்டாமா?

சனிக்கிழமை ஆட்டக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கோல்ஃப் ஆரம்பிச்சு நாலு வருஷம் ஆகுது. 18 ஹோல் முடிக்க எடுக்கற மொத்த அடி, முதல் வருஷத்துல 130ல இருந்து 110க்கு இறங்கினேன், அடுத்த வருஷம் முதல் தடவையா நூறுக்குக் கீழ 98 அடிச்சேன், அந்த ஸ்கோர் கார்டை இன்னும் பையில பத்திரமா வச்சிருக்கேன். அதோட அப்படியே நின்னு போச்சு. போன ஒரு வருஷமா எங்க கோர்ஸ்ல எந்த ரவுண்டை எடுத்தாலும் 97க்கும் 104க்கும் நடுவுலதான். ஆட்டத் திறமையைக் காட்டுற ஹேண்டிகேப் இண்டெக்ஸ் (கம்மியா இருந்தா நல்ல ஆட்டம்) 24.0.

என்னை ரொம்ப வாட்டுறது என்னன்னா பயிற்சி பண்ற ரேஞ்ச்ல நான் அடிக்கிறது இப்படி இல்ல. அங்க செயற்கைப் புல் மேட்ல நின்னு 7 அயர்ன் (நடுத்தர தூரத்துக்கான கிளப்) எடுத்தா பத்துல ஏழு நேரா போகும், 140 யார்டு. கோர்ஸுக்குப் போய் புல்லுல நின்னா அதே கை அதே கிளப், பந்துக்கு மூணு விரல் பின்னாடி மண்ணு பெயர்ந்து வருது, பந்து நாப்பது யார்டுல உக்காந்துடுது. 5 அயர்ன் நல்லா சிக்கினா 155 போகும். ட்ரைவர் 200, எப்பவாவது 210. அதுவும் மூணுக்கு ஒண்ணு வலது பக்கம் வளைஞ்சு மரத்துக்குள்ள போயிடுது, அதைத் தேடுற மூணு நிமிஷத்துல கூட ஆடுறவங்க முகத்தைப் பாக்கவே சங்கடமா இருக்கு.

இந்த மாசம் வேற ஒரு கோர்ஸுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ரொம்ப நீளம், குழி இருக்கற கிரீனைச் சுத்தி மணல் பங்கர், 108ல முடிச்சேன். எட்டாவது ஹோல் பார் 4, அதாவது நாலு அடில முடிக்க வேண்டியது, அதுல மட்டும் 11. வீட்டுக்கு வந்து ராத்திரி தூக்கமே வரல, நாலு வருஷம் ஆடினது எல்லாம் எங்க போச்சுன்னு தோணிட்டே இருந்துச்சு.

இப்ப கேள்வி. என் ட்ரைவர் பழசு, 9 டிகிரி லாஃப்ட் (கிளப் முகத்தோட சாய்வு). புதுசு வாங்கினா அந்த வலது பக்க வளைவு, ஸ்லைஸ், குறையுமா? இல்ல அந்தக் காசை ஒரு கோச்சுக்குக் கொடுக்கலாமா? கிட்டத் தூரத்துக்கான வெட்ஜும் ரெண்டுதான் இருக்கு, அயர்ன் செட்டோட வந்த பிட்ச்சிங் வெட்ஜ் ஒண்ணு, தனியா வாங்கின 56 டிகிரி ஒண்ணு. அப்புறம் அந்தப் பெரிய கோர்ஸ்ல 108 அடிச்சதை வச்சு நான் பின்னாடி போயிட்டேன்னு எடுத்துக்கறதா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

ஓரப்புல்:

தம்பி, முதல்ல அந்த 108ஐ மனசுல இருந்து இறக்கி வைங்க, நீங்க பின்னாடி போகவே இல்ல. அது வெறும் ஆறுதல் வார்த்தை இல்ல, கணக்கே அப்படித்தான் வருது. ரெண்டு கோர்ஸோட ஸ்கோர் கார்டுலயும் கோர்ஸ் ரேட்டிங் (ரொம்ப நல்லா ஆடறவங்க அங்க எடுக்கற ஸ்கோர்), ஸ்லோப் (சாதாரண ஆட்டக்காரனுக்கு அது எவ்வளவு கூடுதல் கஷ்டம்)னு ரெண்டு நம்பர் இருக்கும், அதைக் கொஞ்சம் போடுங்க, போட்டுக் காட்டறேன். அதோட உங்க கடைசி ரவுண்டை ஒரு ஹோல் விடாம ஞாபகப்படுத்தி மூணு விஷயம் எழுதுங்க. ஓபி (எல்லைக்கு வெளிய போனது), தண்ணினு பெனால்டி எத்தனை, ஒரே கிரீன்ல மூணு பட் (குழியைப் பாத்து உருட்டற அடி) போட்டது எத்தனை, கிரீன் ஓரத்துல இருந்து சிப் (சின்ன அடி) பண்ணி பந்து கிரீனுக்கே போகாம நின்னது எத்தனை. ஸ்விங் எப்படி இருந்துச்சுன்னு எழுத வேண்டாம்.

சனிக்கிழமை ஆட்டக்காரன்:

நன்றி அண்ணே. எங்க கோர்ஸ் நான் ஆடுற டீல (முதல் அடி அடிக்கற இடம்) இருந்து 6200 யார்டு, ரேட்டிங் 69.4, ஸ்லோப் 118. அந்தப் பெரிய கோர்ஸ் 6800 யார்டு, ரேட்டிங் 73.1, ஸ்லோப் 136, பார் 72.

போன வாரம் எங்க கோர்ஸ்ல 99. உக்காந்து எண்ணிப் பாத்தேன். ஓபி ரெண்டு தடவை, தண்ணி ஒரு தடவை. மூணு பட் ஆறு ஹோல்ல. ஒரே பட்ல போட்டது நாலு ஹோல், மொத்தம் 38 பட். சிப் சொதப்பினது அஞ்சு. எழுதி முடிச்சுட்டுப் பாத்தா எனக்கே அதிர்ச்சியா இருந்துச்சு, நான் இத்தனை நாள் ட்ரைவரைத்தான் குறை சொல்லிட்டு இருந்தேன்.

ஓரப்புல்:

சரி வாங்க, கணக்கு. 2020ல இருந்து உலகம் முழுக்க ஒரே ஹேண்டிகேப் முறைதான். ஒரு ரவுண்டோட மதிப்பு எப்படி வருதுன்னா, ஸ்கோர்ல இருந்து கோர்ஸ் ரேட்டிங்கைக் கழிச்சு, 113ஐ ஸ்லோப்பால வகுத்து வர்றதால பெருக்கணும். அன்னைய வானிலைக்குன்னு ஒரு சின்ன திருத்தம் உண்டு, அதை இப்ப விட்டுடுவோம். 113ங்கறது சராசரி கோர்ஸோட ஸ்லோப், குறைஞ்சது 55, அதிகபட்சம் 155.

உங்க கோர்ஸ்ல 97 அடிச்ச அன்னிக்கு: 97ல 69.4 போனா 27.6, அதை 113/118ஆல பெருக்கினா 26.4.

பெரிய கோர்ஸ்: அங்க உங்க கோர்ஸ் ஹேண்டிகேப், அதாவது உங்களுக்குக் கிடைக்கிற சலுகை ஸ்ட்ரோக், 30 வரும். ஒரு ஹோலுக்கு அதிகபட்சமா பார் கூட 2, அதோட அந்த ஹோல்ல உங்களுக்குக் கிடைக்கிற ஸ்ட்ரோக், அவ்வளவுதான் ஹேண்டிகேப்புக்கு எடுத்துப்பாங்க. 30ன்னா எல்லா ஹோலுக்கும் ஒண்ணு, கஷ்டமான 12 ஹோலுக்கு ரெண்டு. அந்த எட்டாவது ஹோல் அந்த 12ல ஒண்ணா இருந்தா உங்க 11, 8 ஆயிடும். 108ல மூணு போக 105. அதுல 73.1 போனா 31.9, அதை 113/136ஆல பெருக்கினா 26.5.

பாத்தீங்களா, 26.4க்கும் 26.5க்கும் என்ன வித்தியாசம்? உங்க கோர்ஸ்ல நீங்க அடிச்ச நல்ல ரவுண்டும் அங்க அழுதுட்டு வந்த ரவுண்டும் ஒரே ஆட்டம். இண்டெக்ஸ் 24ன்னு காட்டுது, ஆனா ரவுண்டு 26ன்னு வருதேன்னு அதுக்கும் கவலைப்படாதீங்க, கடைசி 20 ரவுண்டுல நல்லா ஆடின 8ஓட சராசரிதான் இண்டெக்ஸ், அதுலயும் பெரிய ஹோல் ஸ்கோரை எல்லாம் இப்படி வெட்டித்தான் எடுப்பாங்க, அதனால சாதாரண நாள்ல அதுக்கு மேலதான் வரும்.

இப்ப நீங்க எழுதின பட்டியலுக்கு வர்றேன், அதுதான் எனக்கு முக்கியம். ஓபி ரெண்டுன்னா ஒவ்வொண்ணுக்கும் பெனால்டி ஒண்ணு, வீணாப்போன அடி ஒண்ணு, ஆக நாலு. தண்ணி ஒண்ணு. மூணு பட்ல போனது ஆறு. சிப்ல அஞ்சு. கூட்டினா 16. 99ல 16 போனா 83! நாளைக்கே 83 அடிப்பீங்கன்னு சொல்லல, அந்தப் பதினாறுல பாதி குறைஞ்சாலே 91. இதுல எதுக்குமே நீங்க ஒரு யார்டு கூட தூரம் அடிக்க வேண்டியதில்ல.

மூணு பட் பத்தி மட்டும் ஒண்ணு சொல்றேன், இதுல எனக்கு ரொம்ப அக்கறை, ஏன்னா நானே அஞ்சு வருஷம் இதுல மாட்டிக்கிட்டு இருந்தேன். ஹோலோட விட்டம் 108 மில்லிமீட்டர், பந்து 42.67, அதாவது ரெண்டரை பந்து அகலம். எட்டடி தூரத்துல இருந்து டூர்ல ஆடுற தொழில்முறை ஆட்டக்காரங்களே பாதி தடவைதான் போடுறாங்க. அப்படின்னா முப்பதடில இருந்து நாம அடிக்கிற முதல் பட் எட்டடி தள்ளி நின்னா அந்த ரெண்டாவது பட் போகலையேன்னு வருத்தப்படறதுல அர்த்தமே இல்ல, தப்பு முதல் பட்ல நடந்து முடிஞ்சுடுச்சு. வளைவு கணிக்கிறதுல தப்பு பண்ணி யாரும் எட்டடி விலகறதில்ல, வேகம்தான். ரவுண்டுக்கு முன்னாடி கிரீன்ல மூணு பந்து எடுத்துட்டுப் போங்க, ஹோலே வேண்டாம், கிரீனோட எதிர் ஓரத்தைப் பாத்து அடிச்சு ஓரத்துல நிக்க வைக்கப் பாருங்க, பத்து நிமிஷம். அடிக்கும்போது பந்தைப் பாக்காம இலக்கைப் பாத்துட்டே நாலு பயிற்சி ஸ்விங் போட்டா கை தானா வேகம் கத்துக்கும்.

பதினாலு கிளப்:

ஓரப்புல் அண்ணன் கணக்கு அருமை. ஆனா ஒரு இடத்துல நான் ஒத்துக்க மாட்டேன், சிப்பும் பட்டும் மட்டும் சரி பண்ணா போதும்னு படிக்கிறவங்க எடுத்துக்கக் கூடாது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி லட்சக்கணக்கான ஷாட்டை எடுத்து எந்த ஷாட்ல எவ்வளவு லாபம் நஷ்டம்னு காட்டுற ஸ்ட்ரோக்ஸ் கெய்ன்டுனு ஒரு அளவு உண்டாக்கினார், அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரே 2011ல இருந்து பட்டிங்குக்கு அதைப் பயன்படுத்துது. அவர் கணக்குல நல்ல ஆட்டக்காரனுக்கும் சாதாரண ஆட்டக்காரனுக்கும் இருக்கற வித்தியாசத்துல பெரும் பங்கு கிரீனுக்கு நூறு யார்டுக்கு வெளிய இருந்துதான் வருது. உங்க பட்டியல்லயே ஓபி ரெண்டும் ட்ரைவர்தானே, நாலு ஸ்ட்ரோக்.

ஆனா அதுக்குப் புது ட்ரைவர் மருந்தான்னா, இல்ல. ட்ரைவர் தலை 460 சிசிக்கு மேல போகக் கூடாது, முகம் எவ்வளவு ஸ்பிரிங் மாதிரி தள்ளலாம்ங்கறதுக்கும் விதி வச்சுட்டாங்க, எல்லா கம்பெனியும் பல வருஷமா அந்த எல்லைலயே நிக்கிறாங்க. விளம்பரத்துல வருஷா வருஷம் பத்து யார்டு கூடுதுன்னு சொல்றதை எல்லாம் கூட்டிப் பாத்தா நாம இந்நேரம் நானூறு யார்டு அடிச்சுட்டு இருக்கணும். புதுசுல உண்மையிலயே கிடைக்கிறது என்னன்னா, நடுவுல படாம ஓரத்துல பட்டா ஆகுற சேதம் குறைவு.

உங்க பிரச்சினை அந்த 9 டிகிரி. லாஃப்ட் கம்மியா இருந்தா பக்கவாட்டுச் சுழற்சிக்கு இடம் ஜாஸ்தி, அதே முகம் திறந்த அடிக்கு 12 டிகிரில பந்து கம்மியா வளையும், உங்க வேகத்துக்கு இன்னும் உயரமா போய் தூரமும் கூடும். வாங்கறதா இருந்தா பழைய மாடல்ல 12 டிகிரி போதும், வாங்கறதுக்கு முன்னாடி லாஞ்ச் மானிட்டர் (பந்து கிளம்புற விதத்தை அளக்கற கருவி) முன்னாடி நின்னு அடிச்சுப் பாருங்க. அதுவரைக்கும் கையில இருக்கறதையே ஒரு இஞ்ச் கீழ பிடிச்சு அடிங்க. அப்புறம் ஸ்லைஸ்ங்கறது கிளப் போற பாதையை விட முகம் வலது பக்கம் திறந்து இருக்கறது, பந்து கிளம்புற திசையைப் பெரும்பாலும் முகம் முடிவு பண்ணும், வளையறது முகத்துக்கும் பாதைக்கும் உள்ள இடைவெளி. பிடிச்ச உடனே உங்க இடது கையைக் குனிஞ்சு பாருங்க, விரல் கணு ஒண்ணுதான் தெரியுதா? ரெண்டரை தெரியற மாதிரி கையை வலது பக்கம் திருப்பிப் பிடிங்க. ஒரு வாரம் யாரோ வேற ஒருத்தர் கையை வாங்கி மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கும், பொறுத்துக்கோங்க. நான் கோச்சுக்குத்தான் ஓட்டு போடுவேன், நாலு கிளாஸ் போதும், கிரிப்பும் நிக்கிற நிலையும் மட்டும் கேளுங்க.

வெட்ஜுக்கு வர்றேன், இங்கதான் உங்க பையில ஒரு ஓட்டை இருக்குன்னு எனக்குத் தோணுது. இப்ப வர்ற அயர்ன் செட்ல லாஃப்ட் எல்லாம் குறைச்சுட்டாங்க, பழைய 7 அயர்ன் 34, 35 டிகிரி இருக்கும், இப்ப 30, சிலதுல 28 கூட. பிட்ச்சிங் வெட்ஜ் 44க்கு வந்துடுச்சு. உங்களுது 44ன்னு வச்சுக்கிட்டா அடுத்தது நேரா 56, நடுவுல 12 டிகிரி காலி! 80, 90 யார்டுல நிக்கும்போது ஒண்ணு பெருசா இருக்கும் இல்ல சிறுசா இருக்கும், பாதி ஸ்விங் போட்டு அங்கதான் மண்ணை அடிப்பீங்க. ஒரு 50 டிகிரி வாங்குங்க, விதிப்படி 14 கிளப் வரைக்கும் வச்சுக்கலாம், உங்களுக்குத் தேவையே இல்லாத 3 அயர்னைத் தூக்கி வீட்டுல வைங்க.

பந்து விஷயத்துலயும் ஒண்ணு. குளத்துல எடுத்த பந்து, கிடைச்ச பந்துன்னு ஹோலுக்கு ஒண்ணா ஆடாதீங்க. யூரித்தேன் தோல் போட்டது கிரீன்ல விழுந்து நிக்கும், கெட்டித் தோல் போட்டது விழுந்து ஓடும். எதுவா இருந்தாலும் பரவால்ல, ஒரே மாடல்லயே ஒரு சீசன் ஆடுங்க, அப்பதான் சிப் எவ்வளவு ஓடும்னு கைக்குத் தெரியும். கிளப்போட கைப்பிடி ரப்பர் வழுக்குதுன்னா மாத்தறதுக்கு முன்னாடி வெதுவெதுப்பான தண்ணில சோப்பு போட்டுத் தேய்ச்சுக் கழுவிப் பாருங்க, பாதி உயிர் திரும்ப வந்துடும்.

முன் டீ:

நான் பெண்கள் டீன்னு எல்லாரும் சொல்ற இடத்துல இருந்து பதினெட்டு வருஷமா ஆடறேன், அதனால எனக்கு இதுல சொல்ல நிறைய இருக்கு. தம்பி, நீங்க 200 யார்டு அடிக்கிறீங்க, 400 யார்டு பார் 4ல நிக்கிறீங்க. நல்லா அடிச்சாலும் இன்னும் 200 பாக்கி, அந்தத் தூரத்துக்கு உங்க பையில கிளப்பே இல்ல. அப்ப என்ன ஆகுது, ரெண்டாவது அடியை 3 வுட் (ட்ரைவருக்கு அடுத்த நீளக் கிளப்) எடுத்து உயிரைக் கொடுத்து அடிக்கிறீங்க, அது ஓரத்து நீளப் புல்லுக்கு, ரஃப்ல போகுது, அங்க இருந்து சிப், அப்புறம் பட். ஒவ்வொரு ஹோலும் இதே கதை. ஒரு டீ முன்னாடி போய் 340ல நில்லுங்க, 200 போச்சுன்னா 140, அது உங்க 7 அயர்ன்! பத்துல ஏழு நேரா போகுதுன்னு நீங்களே சொன்ன அந்த 7 அயர்ன். நமக்குப் பொருத்தமான நீளம் எதுன்னு பாக்க 5 அயர்ன் தூரத்தை 36ஆல பெருக்கச் சொல்லுவாங்க, உங்களுக்கு 155ன்னா 5580. அந்த 6800 யார்டு கோர்ஸ் உங்களுக்குக் கட்டினது இல்ல, அங்கயும் முன்னாடி டீ இருந்திருக்கும், ஏன் யாரும் சொல்லலைன்னுதான் எனக்கு வருத்தம்.

பின்னாடி டீல ஆடினாத்தான் நிஜமான கோல்ஃப்ங்கற எண்ணத்தை விட்டுடுங்க. அமெரிக்காவோட பேர்போன கோர்ஸ் அகஸ்டா நேஷனலை அலிஸ்டர் மெக்கென்சியோட சேர்ந்து அமைச்ச பாபி ஜோன்ஸ் சாதாரண ஆட்டக்காரனும் சந்தோஷமா ஆடணும்னுதான் அகலமான ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் நடுவுல வெட்டின புல்வெளி) வச்சார். அவரும் கடைசி வரைக்கும் நம்மள மாதிரி அமெச்சூர்தான், 1930ல ஒரே வருஷத்துல நாலு பெரிய பட்டத்தையும் ஜெயிச்சுட்டு 28 வயசுல போட்டியை விட்டு விலகினார். கலிஃபோர்னியால இருக்கற பெபிள் பீச் கோர்ஸ்ல ஏழாவது ஹோல் நூறு யார்டுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான், காத்து எதிர்ல அடிச்சா பெரிய பெரிய ஆட்டக்காரங்களே அங்க திணறியிருக்காங்க. நீளம்தான் கோர்ஸோட தரம்னா அந்த ஹோலை யார் தேடிப் போவாங்க?

கோர்ஸுக்குக் கோர்ஸ் புல்லு மாறும், அதையும் பாக்கக் கத்துக்கோங்க. பெர்முடா புல் கிரீன்ல பந்துக்குப் பின்னாடி நின்னு ஹோலைப் பாத்தா புல்லு பளபளன்னு வெளுப்பா தெரிஞ்சா அது ஹோல் பக்கம் படுத்திருக்கு, பந்து வேகமா ஓடும். கருத்துத் தெரிஞ்சா உங்களைப் பாத்து படுத்திருக்கு, கூட கொஞ்சம் அழுத்தி அடிக்கணும். சந்தேகமா இருந்தா ஹோலோட வாயைப் போய்ப் பாருங்க, ஒரு பக்கம் விளிம்பு வெட்டினாப்ல சுத்தமா இருக்கும், இன்னொரு பக்கம் புல்லு பிஞ்சு காஞ்சிருக்கும், காஞ்ச பக்கம்தான் புல்லு படுக்கற பக்கம்.

ரேஞ்ச்ல நல்லா போகுது கோர்ஸ்ல போகலைன்னு சொன்னீங்களே, அது மேட்டோட வேலை. பந்துக்குப் பின்னாடி பட்டாலும் கிளப் மேட்ல வழுக்கிட்டுப் போய் பந்தைத் தூக்கி விட்டுடும், உங்களுக்குத் தப்பு நடந்ததே தெரியாது. பந்துக்கு நாலு விரல் பின்னாடி ஒரு துண்டை மடிச்சுப் போட்டுட்டு அடிங்க, துண்டு எத்தனை தடவை கிளப்போட வருதுன்னு எண்ணுங்க.

சனிக்கிழமை ஆட்டக்காரன்:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், எல்லாருக்கும் மனசார நன்றி. துண்டு வச்ச முதல் நாள் பத்துக்கு ஆறு தடவை துண்டு பறந்துச்சு, அப்பதான் புரிஞ்சுது. கிளப் பிடிக்கற விதத்தை மாத்தினேன், ரெண்டு கிளாஸ் போனேன், ட்ரைவர் வாங்கல. நேத்து எங்க கோர்ஸ்லயே முன்னாடி டீல ஆடினேன், 5600 யார்டு, ரேட்டிங் 66.9, ஸ்லோப் 112. ஸ்கோர் 92. அண்ணன் சொன்ன கணக்கைப் போட்டா 25.3 வருது, அதாவது 97 அடிச்ச நாளை விட ஒண்ணுதான் முன்னேற்றம், அது தெரியும். ஆனா ஆறு கிரீன்ல ரெண்டாவது அடியிலயே ஏறினேன், எனக்கு அது மாதிரி நடந்ததே இல்ல. ஓபி ஒண்ணு கூட இல்ல. மூணு பட் ஆறுல இருந்து மூணு ஆயிடுச்சு. சிப் மட்டும் அப்படியே அஞ்சு சொதப்பல், 56 எடுத்தாலே மண்ணுல குத்திக்குது. அதுக்கு என்ன பண்ணலாம்?

ஓரப்புல்:

92! ரொம்ப சந்தோஷம் தம்பி. சிப்புக்கு: கிரீன் ஓரத்துல இருந்து எதுக்கு 56? உங்களுக்கும் கொடிக்கும் நடுவுல பங்கரோ மேடோ இல்லைன்னா 8 அயர்னை எடுங்க, பட்டர் (பட் அடிக்கற கிளப்) பிடிக்கற மாதிரி கிட்டக்க நின்னு, எடையை இடது கால்ல வச்சு, மணிக்கட்டை அசைக்காம பட் அடிக்கற மாதிரியே அடிங்க, கிரீனுக்குள்ள ரெண்டடில விழுந்து மிச்ச தூரம் உருண்டு போகும். 56ஐ எடுத்தே ஆகணும்னா அதோட அடிப்பாகத்தைப் பாருங்க, பின்பக்கம் கொஞ்சம் தொப்பை மாதிரி இறங்கியிருக்கும், அதுதான் பவுன்ஸ். 1930கள் ஆரம்பத்துல ஜீன் சாரசன்ங்கற அமெரிக்க ஆட்டக்காரர் கிளப் அடியில ஈயம் பத்த வச்சு மணலுக்குள்ள புதையாம வழுக்கிப் போற மாதிரி பண்ணி, அதை வச்சுதான் 1932 பிரிட்டிஷ் ஓபன் ஜெயிச்சார். நீங்க கையை முன்னாடி தள்ளி அடிக்கறதால அந்தத் தொப்பை வேலையே செய்யாம கூர் முனை மண்ணுல இறங்குது. கையை பந்துக்கு நேரா வச்சு, முகத்தைக் கொஞ்சம் திறந்து, புல்லை பெருக்கற மாதிரி விடுங்க. இந்த சனிக்கிழமை முதல் ஒன்பது ஹோலும் 8 அயர்ன் மட்டும் வச்சு சிப் பண்ணிட்டு வந்து எத்தனை சொதப்பல்னு எழுதுங்க.